இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லும் கைபேசி, மழையை ஏன் தவறவிடுகிறது?

கேள்வி: மலைப்பாதை

அனைவருக்கும் வணக்கம். காட்டுப் பாதைகளிலும் மலைச்சரிவுகளிலும் நெடுந்தூரம் நடக்கும் பழக்கம் உள்ளவன் நான். வழியறிவதற்கும் மழை வருமா என்று பார்த்துக்கொள்வதற்கும் கைபேசி ஒன்றையே நம்பியிருக்கிறேன். வழி காட்டுவதில் அது பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நான் எந்தக் கிளையில் நிற்கிறேன் என்பதைக்கூடச் சரியாகக் காட்டிவிடுகிறது. ஆனால் அதே கைபேசியில் உள்ள வானிலைச் செயலி, நான் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் நனைந்துகொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் அறிந்துகொள்ளும் கருவி, அதே இடத்தின் மழையை மட்டும் ஏன் தவறவிடுகிறது? இரண்டும் செயற்கைக்கோளிலிருந்து வரும் தகவல்தானே என்று உடன் வருபவர்கள் கேட்கும்போது என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இதோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. சிகரங்களில் நடப்பட்டுள்ள உயரப் பலகைகளோடு ஒப்பிட்டால், நான் நடந்த தடத்தைப் பதிவுசெய்யும் செயலி காட்டும் உயரம் பல பத்து மீட்டர் வேறுபடுகிறது. பிழை என்றால் ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் வர வேண்டும். இதுவோ எப்போதும் ஒரே பக்கமாகவே விலகி நிற்கிறது. காற்றழுத்தமானி பொருத்திய தனி ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கினால் இந்தக் குறைகள் தீருமா, அல்லது கைபேசியையே இன்னும் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் போதுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நான் செல்லும் பகுதிகளில் பெரும்பாலும் கைபேசிச் சிக்னல் கிடைக்காது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 1: கட்டக்கணக்கு

நண்பரே, மழை பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உயரத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கைபேசி உங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கண்டறிந்து ஒரு சேவையகத்துக்கு அனுப்புகிறது. கணிப்புக்காக நிலப்பரப்பு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; சேவையகம் அந்தப் புள்ளி எந்தக் கட்டத்துக்குள் விழுகிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்துக்கெனப் பல மணி நேரத்துக்கு முன்பே கணக்கிட்டு வைக்கப்பட்ட எண்களைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் இடத்தின் துல்லியம் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்னும் உலகளாவிய கணினிக் கணிப்பு மாதிரியில் கட்டத்தின் அளவு ஏறத்தாழ 13 கி.மீ.; ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் ஏறத்தாழ 9 கி.மீ. இலவசச் செயலிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையும் கலந்தோதான் பயன்படுத்துகின்றன. வெப்பச்சலனத்தால், அதாவது சூடான காற்று மேலெழுவதால், உருவாகும் ஒற்றை இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. எழுந்து, பொழிந்து, கரைந்துபோவதற்கு அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. கட்டத்தின் அளவைவிடச் சிறியதாக உள்ள ஒன்றை மாதிரி நேரடியாகக் காண்பதில்லை. இந்தக் கட்டத்தில் இன்ன நேரத்தில் இவ்வளவு வெப்பச்சலன மழைக்கு இடமிருக்கிறது என்று சராசரியாக மதிப்பிடுகிறது. அந்த மழை கட்டத்தின் எந்த மூலையில் கொட்டும் என்பது அதற்குத் தெரியாது.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கட்டத்துக்குள் உள்ள சிகரம், பள்ளத்தாக்கு, சரிவு அனைத்தையும் மாதிரி சமன்படுத்தி ஒரே உயரமாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நிற்கும் முகடு மாதிரியின் தரைமட்டத்தைவிட 700 மீட்டர் உயரமாக இருந்தால், வெப்பநிலை மட்டுமே 4 பாகைக்கு மேல் மாறிவிடும், ஏனெனில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. நல்ல செயலிகள் இதை உயரத்துக்கேற்பத் திருத்திக் காட்டுகின்றன. ஆனால் காற்று எந்தச் சரிவில் மோதி மேலெழுகிறது, மறுபக்கச் சரிவு எவ்வளவு உலர்ந்து கிடக்கிறது என்பதை அப்படி ஒரு கூட்டல் கழித்தலால் சரிசெய்துவிட முடியாது. சில நாடுகளின் வானிலைத் துறைகள் 1 முதல் 3 கி.மீ. வரை நெருக்கமான கட்டங்களைக் கொண்ட வட்டார மாதிரிகளை இயக்குகின்றன. உங்கள் பகுதிக்கு அப்படி ஒன்று இருந்தால், எத்தனை அழகான செயலியையும்விட அதன் வரைபடத்தை நேரடியாகப் பார்ப்பதே மேல்.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணிப்பை 51 முறை இயக்குகிறது. அவற்றில் இருபதில் மழை வந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். அதாவது, இதே போன்ற பத்துச் சூழல்களில் நான்கில் நனைய நேரிடும். பகலில் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்றோ நிலப்பரப்பில் 40 சதவீதம் நனையும் என்றோ கொள்ளக் கூடாது. செயலிகள் இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒரு சிறிய சூரியன் படத்தையோ குடைப் படத்தையோ காட்டுகின்றன. என் பார்வையில் வானிலைச் செயலிகளின் மிகப் பெரிய தீங்கு அந்தப் படங்கள்தாம்.

மறுமொழி 2: அலைவரிசை137

முந்தைய மறுமொழி முன்கணிப்பைப் பற்றியது. இப்போது வானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. அதற்குச் செயற்கைக்கோள் படமும் ரேடாரும் உள்ளன. புறப்படுவதற்கு முன் கடைசியாகச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இவை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது, அன்றைய முன்னறிவிப்பைப் பத்து முறை புரட்டுவதைவிடப் பயனுள்ளது.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழலும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஒரே பகுதியை இடைவிடாமல் நோக்கிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானின் ஹிமவாரி வரிசை முழுப் பூமி வட்டத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. படம் எடுக்கப்பட்டுச் செயலிக்கு வந்து சேர்வதற்குள் மேலும் சில நிமிடங்கள் கழிந்திருக்கும் என்பதால், நிகழ்நேரம் என்று எழுதியிருந்தாலும் படத்தின் மூலையில் உள்ள நேரத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்; அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாகத்தான் இருக்கும்.

இரவு பகல் வேறுபாடில்லாமல் கிடைப்பது அகச்சிவப்புப் படம். அது அளப்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. மிகக் குளிர்ந்த உச்சி என்றால் மிக உயர்ந்த மேகம். மிக உயர்ந்த மேகம் பொழியும் மேகமாக இருக்கலாம், ஆனால் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு சொட்டும் பொழியாத மெல்லிய கீற்று மேகமும் உயரத்தில் இருப்பதால் படத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். மாறாக, மலைச்சரிவில் தாழ்வாகப் படிந்து நாள் முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் மேகத்தின் உச்சி அவ்வளவு குளிர்ந்திருக்காது. ஆகவே அது படத்தில் மங்கலாகவே இருக்கும். கேள்வி கேட்டவர் நனைந்த நாள்களில் சில இந்த வகையாக இருந்திருக்கக்கூடும்.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன், இது நேரடியாக இருப்பிடத்தோடு தொடர்புடையது. செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு நேர் மேலே இல்லாமல் சாய்வாகப் பார்க்கும்போது, உயரமான மேகம் தரையில் தன் உண்மையான இடத்திலிருந்து விலகித் தெரியும். பார்வைக் கோடு செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில், 12 கி.மீ. உயரமுள்ள இடிமேகத்தின் உச்சி ஏறத்தாழ 12 கி.மீ. தள்ளிப் பதிவாகும், வடகோளத்தில் வடக்காகவும் தென்கோளத்தில் தெற்காகவும், பொதுவாகச் சொன்னால் செயற்கைக்கோளிலிருந்து விலகிச் செல்லும் திசையில். உங்கள் இருப்பிடத்தைக் குறிக்கும் நீலப் புள்ளி மிகச் சரியாக இருக்கும், அதன் மேல் போர்த்தப்பட்ட மேகப் படம்தான் ஒரு பள்ளத்தாக்கு அளவுக்கு நகர்ந்திருக்கும். எல்லாச் செயலிகளும் இதைத் திருத்துவதில்லை.

ரேடாரில் இந்தக் குறை இல்லை, மழைத்துளியையே அது காண்கிறது. எனினும் அதன் கற்றை தொலைவு செல்லச் செல்லத் தரையிலிருந்து மேலேறிக்கொண்டே போகும். மலை குறுக்கிட்டால் அதற்குப் பின்னால் உள்ளது தெரியாது. ரேடார் படத்தில் உங்கள் பள்ளத்தாக்கு எப்போதும் சுத்தமாகவே இருந்தால் மழை இல்லை என்று மகிழ்வதற்கு முன், அங்கே கற்றை எட்டுகிறதா என்று பாருங்கள். உலகின் பெரும்பகுதியில் ரேடாரே இல்லை. அங்கே 2014-இல் ஏவப்பட்ட, மழையை அளக்கும் ஜி.பி.எம். செயற்கைக்கோளை மையமாக வைத்து, பல நாடுகளின் செயற்கைக்கோள்களை ஒருங்கிணைத்து உருவாக்கப்படும் மழை மதிப்பீடு கிடைக்கிறது. ஆனால் அது சில மணி நேரம் தாமதமாக வருவதால், நடந்து முடிந்த மழையை ஆராயவும் ஓடைகளில் நீர்வரத்து எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் மட்டுமே ஏற்றது.

மலை நடைக்காரருக்கு மழையைவிட மின்னல்தான் கவலைக்குரியது. 2016-இல் ஏவப்பட்ட அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸ்-16 தொடங்கி, மின்னலைப் புவிநிலைப் பாதையிலிருந்தே படம்பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஐரோப்பாவின் மூன்றாம் தலைமுறை மீட்டியோசாட்டிலும் ஒன்று உண்டு. உங்கள் பகுதிக்குத் தரையில் அமைந்த மின்னல் உணரிகளின் வரைபடம் கிடைத்தாலும் போதும்.

என் பெயரில் உள்ள எண்ணைப் பற்றிச் சிலர் கேட்பதால் சொல்கிறேன்: துருவப் பாதையில் செல்லும் வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கையால் செய்த ஆன்டெனாவையும் கணினியில் செருகும் சிறிய ரேடியோ ஏற்பியையும் கொண்டு எவரும் நேரடியாகப் பெறலாம். இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கப் பள்ளியாக இருந்த பழைய அமெரிக்க நோவா செயற்கைக்கோள்கள் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசை இருக்கிறது. நடைப்பயணத்துக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

மறுமொழி 3: நான்காம் கோள்

உயரத்தைப் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். ஒரே பக்கமாக விலகுகிறது என்று அவர் கவனித்ததே பாதி விடை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அணுக்கடிகார நேரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கைபேசி தூரமாக மாற்றுகிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் மூன்று செயற்கைக்கோள்கள் போதும் என்று தோன்றும். ஆனால் கைபேசியின் மலிவான கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினாலும் 300 மீட்டர் பிழை வந்துவிடும் என்பதால், அந்தக் கடிகாரப் பிசகையும் ஓர் அறியாத எண்ணாக வைத்துத் தீர்க்க நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. செயற்கைக்கோள்கள் அனைத்தும் தொடுவானத்துக்கு மேலேதான் தெரியும். காலுக்குக் கீழே உள்ளவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவை ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்வதுபோல் செங்குத்துத் திசையில் ஈடுசெய்ய எதுவும் இல்லாததால், உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மடங்காக இருக்கும். இது கூடியும் குறைந்தும் வரும் பிழை.

ஒரே பக்கமாக நிற்கும் விலகலுக்குக் காரணம் வேறு. கணக்கு முழுவதும் பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாகக் கருதியே செய்யப்படுகிறது; சிகரத்துப் பலகையில் எழுதியிருப்பதோ கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். பூமியின் நிறை சீராகப் பரவியிராததால், கடல்மட்டம் அந்த நீள்வட்டக் கோளத்துக்கு இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியில் 106 மீட்டர் வரை கீழேயும், நியூ கினிக்கு அருகில் ஏறத்தாழ 85 மீட்டர் மேலேயும் இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் நடப்பவருக்கு இந்த வேறுபாடு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஆண்ட்ராய்டு இயங்குதளம் நெடுங்காலமாக நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்த உயரத்தையே செயலிகளுக்குத் தந்துவந்தது. கடல்மட்டத்துக்கு மாற்றுவது செயலியை எழுதியவரின் பொறுப்பு. செயலியின் அமைப்புகளில் கடல்மட்டத் திருத்தம் என்ற பொருளில் ஏதேனும் தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை இயக்கியவுடன் உங்கள் பல பத்து மீட்டர் மறைந்துவிடும். இதற்காகக் கருவி வாங்கத் தேவையில்லை.

சிக்னல் இல்லாத இடத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இடம் அறிவதற்குக் கைபேசி வலையமைப்பு தேவையே இல்லை. கைபேசி செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்கிறதே தவிர, எதையும் அனுப்புவதில்லை. வலையமைப்பு உதவுவது வேகத்துக்காக மட்டும். செயற்கைக்கோள்கள் தம் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்னும் நத்தை வேகத்தில் ஒலிபரப்புகின்றன. அந்த விவரம் 30 நொடிக்கு ஒருமுறை மீண்டும் வரும். திறந்த வெளியில் நின்றால் அரை நிமிடம் அல்லது சற்றே கூடுதலாக எடுக்கும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே சிக்னல் விட்டுவிட்டு வந்தால் பல நிமிடங்கள் ஆகும். வலையமைப்பு இருக்கும்போது கைபேசி அதே விவரத்தை இணையத்திலிருந்து நொடியில் இறக்கிக்கொள்கிறது. ஆகவே சிக்னல் உள்ள இடத்திலேயே ஒருமுறை இருப்பிடத்தைக் கண்டறியச் செய்துவிட்டு, வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

காற்றழுத்தமானி பல கைபேசிகளிலேயே இருக்கிறது. முதலில் உங்களுடையதில் உண்டா என்று பாருங்கள். தாழ்வான இடங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறியதாகக் கொள்ளலாம். ஏற்ற இறக்கத்தை அது செயற்கைக்கோளைவிட மிக நுணுக்கமாகக் காட்டும், ஆனால் வானிலை மாறினால் ஏமாந்துவிடும்; உயரம் தெரிந்த இடங்களில் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் குறையையே நிறையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். கூடாரத்தில் இரவு முழுவதும் அசையாமல் இருந்த கருவி, காலையில் 40 மீட்டர் கூடுதல் உயரத்தைக் காட்டினால், அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது என்று பொருள். வலையமைப்பே இல்லாத இடத்தில் வானிலை கெடப்போவதை முன்கூட்டிச் சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான். தனிக் கருவி வாங்குவதாக இருந்தால், மழையிலும் கையுறையோடும் இயக்கக்கூடிய பொத்தான்களுக்காகவும் மின்கல ஆயுளுக்காகவும் வாங்குங்கள்; இடத்தின் துல்லியத்துக்காக வாங்காதீர்கள்.

மறுமொழி 4: மலைப்பாதை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. செயலியின் அமைப்பில் நீங்கள் சொன்ன கடல்மட்டத் தெரிவு இருந்தது, அது அணைக்கப்பட்டிருந்தது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கனமழையிலும் அடர்ந்த மேகத்திலும் ஜி.பி.எஸ். கெட்டுவிடும் என்று பலர் சொல்கிறார்கள், மழை நாள்களில் என் தடமும் சற்றுக் கோணலாகவே பதிவாகிறது. இது உண்மையா?

மறுமொழி 5: நான்காம் கோள்

மேகமும் மழையும் அந்தச் சிக்னலைத் தடுப்பதில்லை. 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்னும் முதன்மை அதிர்வெண்ணில் அலையின் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ.; மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டே அன்று. உங்கள் தடம் கோணலாவதற்கு நனைந்த இலைகளே காரணமாக இருக்கலாம்; ஈரமான மரச்செறிவு சிக்னலை நன்றாக விழுங்கும். பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலும் பள்ளத்தாக்கில் இதே வேலையைச் செய்யும். அதற்கு, இரண்டாவது அதிர்வெண்ணாகிய 1176.45 மெகாஹெர்ட்ஸையும் கேட்கும் கைபேசி ஓரளவு தீர்வு. அத்தகைய கைபேசிகள் 2018 முதல் விற்பனையில் உள்ளன. மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ள உயர் வளிமண்டல அடுக்கான அயனிமண்டலத்தால் வரும் தாமதத்தையும் இரண்டு அதிர்வெண்களை ஒப்பிட்டு நீக்கிவிடலாம். உண்மையில் ஜி.பி.எஸ்-ஐக் கெடுக்கும் வானிலை சூரியனில் தொடங்குவது: 2024 மே மாதத்துக் காந்தப் புயலின்போது, வட அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்டலில் உழும் டிராக்டர்கள் விதைப்புப் பருவத்தின் நடுவே நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. கீழ் வளிமண்டலத்தைச் செங்குத்தாகக் கடந்து வரும் சிக்னல் ஏறத்தாழ 2.3 மீட்டர் தூரத்துக்குச் சமமான அளவு தாமதமாகிறது; அதில் சில பத்து சென்டிமீட்டர் வரை நீராவியால் வருவது. நில அளவைக்காரர்களுக்குத் தொல்லையாக இருந்த இந்தத் தாமதத்தை, காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று அளக்கப் பயன்படுத்தலாம் என்பது 1990-களில் உறுதியாயிற்று. இன்று நிலையான ஜி.பி.எஸ். நிலையங்களிலிருந்து அந்த அளவு கணிப்பு மாதிரிகளுக்குச் செல்கிறது. 2019-இல் ஏவப்பட்ட காஸ்மிக்-2 செயற்கைக்கோள்கள் ஆறும், ஜி.பி.எஸ். சிக்னல் பூமியின் விளிம்பில் வளிமண்டலத்தை உரசி வளைந்து வருவதைக் கேட்டு, அதிலிருந்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உயரவாரியாகக் கணக்கிடுகின்றன. ஆக, உங்கள் வானிலைச் செயலியின் எண்களுக்குள்ளும் இதே சிக்னலின் பங்கு இருக்கிறது.

மறுமொழி 6: அலைவரிசை137

நான்காம் கோள் சொன்ன கூடார உத்தியை நான் முழுவதுமாக ஒப்புக்கொள்ள மாட்டேன், அல்லது ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொள்வேன். வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் தானாகவே இருமுறை ஏறி இறங்குகிறது: உள்ளூர் நேரப்படி காலை பத்து மணியை ஒட்டியும் இரவு பத்து மணியை ஒட்டியும் உச்சம், விடியற்காலை நான்கையும் மாலை நான்கையும் ஒட்டித் தாழ்வு. இந்த வேறுபாடு 2 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். அதாவது, எந்தப் புயலும் இல்லாமலேயே காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே உங்கள் கருவி 15 முதல் 30 மீட்டர் வரை ஏறியதாகக் காட்டலாம். ஆகவே மாலை அளவைக் காலை அளவோடு ஒப்பிடாமல், முந்தைய நாள் அதே நேரத்தில் குறித்துவைத்த அளவோடு ஒப்பிடுங்கள். உயர் அட்சரேகைகளில் இந்த அன்றாட அலை மிகச் சிறியது. அங்கே நேரடி ஒப்பீடே போதும். வெப்பச்சலன இடிமேகத்தை இந்த முறை எங்குமே முன்கூட்டிச் சொல்லாது. அது அழுத்தத்தில் முன்னறிவிப்பு எதையும் விட்டுவைக்காமல் எழக்கூடியது. அதற்கு நண்பகலுக்குப் பின் மேகத்தை நிமிர்ந்து பார்ப்பதும், முகட்டை விட்டு நேரத்தோடு இறங்குவதுமே வழி.